புளிப்பானை உப்பும் என் இரத்த அழுத்தமும்

கண்புரை எடுக்க இரண்டு முறை மலையிறங்கிப் போய், இரண்டு முறையும் எடுக்காமலே திரும்பினேன். கண்ணைச் சோதித்தவர்கள் செய்யலாம் என்றார்கள். கையில் பட்டையைச் சுற்றியவர்கள்தான் கூடாது என்றார்கள். முதல் முறை இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து. இரண்டாம் முறை நூற்று எண்பத்தாறுக்கு நூற்றெட்டு. இந்த அழுத்தத்தோடு கத்தி வைத்தால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

எனக்கு வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. ஆலங்காயம் பஸ் என்று நினைத்துப் போளூர் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நின்றிருக்கிறேன். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை, எனக்கு அழுத்த மாத்திரை, இரண்டும் வெள்ளை. பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் காலையில் அவள் மாத்திரையை நான் வாய்வரை கொண்டுபோய்விட்டேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கண் போனால் இந்த வீட்டில் இரண்டு பேர் உயிரும் தடவிப் பார்த்து நடக்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். என் மகளைவிட வயது குறைவு. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். அழுத்தம் இறங்கியதும் நிறுத்திவிடுவேன், ஏறினால் போடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

“மழையில குடை பிடிச்சிட்டுப் போறீங்க. நனையலை. அதனால குடையை மடக்கிடுவீங்களா ஐயா?” என்றார்.

அன்றிலிருந்து காலை களிக்கு முன்னால் மாத்திரை, ஒரு நாளும் தவறியதில்லை. உப்பு மொத்தமாக ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும், ஊறுகாய் கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றார். மருமகன் வாங்கித் தந்த கருவியில் நான் ஓயாமல் அழுத்தம் பார்ப்பதைக் கேட்டுச் சிரித்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, போதும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, சட்டைக் கையை மேலே தூக்கிவிட்டு, பேசாமல் பார்க்க வேண்டும். காப்பி குடித்த கையோடு பார்க்கக் கூடாது. சண்டை போட்ட கையோடும் கூடாது.

நான் எதையாவது செய்தால் முழுதாகச் செய்கிறவன். குழம்பில் உப்பே போடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். முதல் நாள் வாயில் வைக்க முடியவில்லை. நான்காம் நாள் பரவாயில்லை. ஒரு வாரத்தில் சாமைச் சோறும் புளிக்குழம்பும் பழையபடி ருசித்தன. நாக்கைப் பழக்கிவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நடையும் குறையவில்லை. ஆனால் கருவி மட்டும் நூற்று எண்பதைச் சுற்றியே நின்றது.

கருவி கெட்டுவிட்டது என்றேன். சுகாதார நிலையத்துக் கருவியும் அதையே காட்டியது. மலையின் உயரம் காரணமோ என்று மருத்துவரிடம் கேட்டேன். “இந்த மலையில எல்லாருக்குமா பிரஷர் இருக்கு?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்த நேரத்தில் மருமகன் வெளியூர் வேலைக்குப் போக, துணைக்கு வா என்று ஆலங்காயத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். இரண்டு வாரம் அங்கே இருந்தேன். அதே மாத்திரை, அதே நடை. அங்கேயும் எனக்குத் தனியாக உப்பில்லாக் குழம்பு. ஆனால் அதை விழுங்க முடியவில்லை.

“இன்னாம்மா குழம்பு இது, வெந்நீர் மாதிரி இருக்கு?”

“நீதானப்பா உப்பு வேணாம்னே? நாக்கைப் பழக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொன்னே?”

“உங்கம்மா வைக்கிறது நல்லாத்தானே இருக்கு?”

“அப்ப அம்மாவை வரச் சொல்லு. நான் போய் மலையில மாட்டைப் பாத்துக்கறேன்.”

அதையே சாப்பிட்டு முடித்தேன். இரண்டாம் வாரத்தில் கருவி நூற்று அறுபதுக்கு இறங்கியது. பிறகு நூற்று ஐம்பத்து நான்கு. சந்தோஷத்தைவிட எனக்குக் குழப்பம்தான் அதிகம். இரண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து கழித்துக் கழித்துப் பார்த்தேன். மாத்திரை ஒன்று. நடை ஒன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. மகள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கடைப் புளி. அம்மா கொடுத்தனுப்பியது தீர்ந்துவிட்டதாம். அதிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டேன். வெறும் புளிப்பு.

அங்கேயே எழுந்து நின்றுவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் புளி எடை போடும் இடத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். மூட்டை வந்தால் முதலில் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்ப்போம். கரித்தால் தள்ளிவிடுவோம், உப்பு எடை கூட்டும் என்பதற்காக. ஊரார் புளியில் உப்பைக் கண்டுபிடித்தவன், என் வீட்டுப் பானையைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்கள் மலையில் எல்லார் வீட்டிலும் புளியைக் கொட்டை எடுத்து, ஓர் அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று பானையில் அழுத்தி அடைப்பார்கள். வருஷம் முழுக்க வண்டு அண்டாது. அது புளி. அதை யாரும் உப்பு என்று நினைப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன். குழம்பு சப்பென்று இருக்கிறதே, மனுஷன் பாவம் என்று, நாலாம் நாளிலிருந்து புளியை இரண்டு பங்காகப் போட்டிருக்கிறாள். என் நாக்கு பழகியதன் ரகசியம் அதுதான். ஓர் அடுக்குக்கு எவ்வளவு உப்பு என்று அவளை ஒரு கை அள்ளச் சொல்லி, தேக்கரண்டியால் அளந்தேன். ஒன்பது கரண்டி.

“இன்னாங்க, உங்க மெஷினு இப்ப என் பானை மேல கேஸ் போடுதா?” என்றாள். “எங்கம்மா வூட்லர்ந்து இப்டித்தான் அடைக்கிறோம். இத்தினி வருஷமா நக்கித் தின்னுட்டு, இப்ப நான் வெஷம் வச்சேன்றீங்களா?”

“யாரு வெஷம்னு சொன்னது? உப்புன்னுதான் சொன்னேன்.”

“சொல்ற மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் இருக்குது.”

அன்று நான் அழுத்தம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கருவி வெடித்திருக்கும்.

ஆனால் மாத்திரை மாறிவிடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அது புளிக் காலம். புதுப் புளி மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் அவளே அதில் ஒரு பங்கைப் பிரித்து, கையில் எடுத்தால் முறுகும்வரை இன்னும் நான்கு வெயில் காயவிட்டாள். உப்பில்லாமல், ஈரம் துடைத்த டப்பாவில் அழுத்தி மூடினாள். வண்டு வந்துவிட்டதா என்று நான் அடிக்கடி திறந்து பார்த்ததில் அவளுக்குக் கோபம்.

“உள்ள காத்து போனாதான் வண்டு வரும். தொறந்து தொறந்து நீங்களே கூப்டுறீங்க.”

டப்பாவை எனக்கு எட்டாத பரணில் ஏற்றிவிட்டாள். குழம்பு மறுபடியும் சப்பென்று ஆனது. மிளகும் பூண்டும் கூட்டிப் போட்டாள். நிஜமாகவே நாக்கு பழக மூன்று வாரம் பிடித்தது. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. காலை நூற்று நாற்பத்தெட்டு, மாலை நூற்று நாற்பத்தாறு என்று கருவி ஓர் ஒழுங்குக்கு வந்தது.

மூன்றாம் முறை மலையிறங்கினோம். ஆபரேஷன் அன்று காலையிலும் அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போட்டுக்கொண்டுதான் போனேன். நர்ஸ் பட்டையைச் சுற்றப் பக்கத்தில் வந்தாள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். முறைத்தாள். ஆனாலும் அடுத்த ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். நூற்று நாற்பத்து நான்குக்கு எண்பத்து நான்கு. மனைவி வாசல் பக்கம் நின்று, இன்னா சொல்றாங்க என்று தலையாலேயே கேட்டாள். நானும் தலையாலேயே சரி என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வலது புருவத்துக்கு மேல் பேனாவால் ஒரு குறி போட்டாள்.

“வலதுதானே?” என்றேன்.

“வலதுதான் தாத்தா. மூணாவது தடவை கேக்கறீங்க.”

“நாலாவது தடவை.”

“திரும்பப் பட்டையைச் சுத்தவா? டென்ஷன் ஆனா ஏறும், தெரியுமில்ல?”

சட்டென்று எழுந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.