வேலு மாமா இருமாத நான்கு நிமிடம்

1. எக்கோ

அந்த மூன்று பேரும் முதன்முதலாக என் ஸ்டூடியோவுக்குப் படியேறி வந்தபோது, நான் ஒரு கோயில் திருவிழா அறிவித்தலுக்கு எக்கோ போட்டுக்கொண்டிருந்தேன். பதுளை நகரத்தில், பேக்கரி ஒன்றின் மேல்மாடியில், இருபத்திரண்டு வருடங்களாக நான் செய்துவரும் தொழில் இதுதான். திருவிழா, டியூஷன் வகுப்பு, மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் ஒரே எக்கோ. அளவில் மட்டும் வித்தியாசம்: கடவுளுக்கு அதிகம், கணித ஆசிரியருக்குக் குறைவு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று என் அனுபவத்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் கற்றதில் பெரும்பகுதி நான் செய்த பிழைகளில் இருந்து வந்தது. எனவே எழுதுவதற்கு விஷயம் நிறைய உண்டு.

வந்தவர்களில் மோகன் நகரத்தில் த்ரீவீல் ஓட்டுகிறவன். அருளுக்கு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை பெக்டரியில் வேலை. போனிலேயே பீட் செய்வான். தனலெட்சுமி அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், வேலை செய்தாள். மூவரும் ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். அதனால் குழுவின் பெயர் ‘ஏழாம் லயம்’.

பக்திப் பாட்டா, பைலா ஆட்டப் பாட்டா என்று கேட்டேன்.

“ரெப் பாட்டு சேர். அண்டர்கிரவுண்ட்,” என்றான் மோகன்.

அப்படியென்றால் என்ன என்பதையும் அவனே விளக்கினான். ரேடியோவில் போட மாட்டார்கள், பெரிய மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள், பத்திரிகையில் எழுத மாட்டார்கள். அந்தக் கணக்கில் நானும் இத்தனை வருடமாக அண்டர்கிரவுண்டில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தனலெட்சுமி மைக் முன்னால் வந்து நின்றாள். அவள் எந்த இடத்தில் மூச்செடுக்கிறாள் என்று கண்டுபிடிக்கவே நான் இரண்டு தரம் கேட்கவேண்டியிருந்தது. நான் புத்தகம் வாசிக்கிறவன் (தொழில் உருப்படாததற்கு அதுவே காரணம் என்பது என் மனைவியின் முடிவு). இவ்வளவு சொற்களை ஒன்றோடொன்று மோதாமல் ஓட்டிக்கொண்டு போக எத்தனை பேரால் முடியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே மரியாதையை அவளுக்கும் செய்தேன். எக்கோ போட்டு, திரும்ப ஒலிக்கவிட்டேன்.

“சேர், நான் கெணத்துக்குள்ள விழுந்துட்டேனா?” என்றாள்.

“எக்கோ இல்லாட்டி ஒரு கம்பீரம் வராதும்மா.”

“கம்பீரம் வேணாம் சேர். சொல்றது வெளங்குனா போதும்.”

அன்று அணைத்த எக்கோவை அவர்களுக்காக நான் மறுபடி போட்டதில்லை. இரண்டு மாதத்தில் ‘சேர்’ ‘அண்ணே’ ஆனது, தனலெட்சுமி ‘தனா’ ஆனாள். அவர்களுடைய சவுண்ட் என்ஜினியர், சாரதி, மேடைக்குப் பக்கத்தில் தனாவின் சால்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எல்லாம் நான்தான்.

2. இருமல்

அவர்கள் பயிற்சி செய்தது லயத்தில், தனாவின் வீட்டில். லயத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பன்னிரண்டு காம்பிரா, பன்னிரண்டு குடும்பம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. நடுச்சுவர்கள் கூரைவரை போவதில்லை, பாதியில் நின்றுவிடும். ஆகவே ஒரு காம்பிராவில் பேசுவது மூன்றாம் காம்பிராவுக்கும் கேட்கும். தனா ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி யோசித்தால், சுவருக்கு அப்பாலிருந்து யாராவது முடித்துக்கொடுப்பார்கள். அருள் கெட்ட வார்த்தை ஒன்றைப் போட்டுப் பார்த்த அன்று, ஐந்தாம் காம்பிராவிலிருந்து ஓர் அம்மா அருளின் தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். உலகத்தில் எந்த அண்டர்கிரவுண்ட் குழுவுக்கும் இப்படியொரு தணிக்கைச் சபை வாய்த்திருக்காது.

அருள் பயிற்சியைப் போனில் பதிந்து எனக்கு அனுப்புவான். ஒருமுறை அப்படி வந்ததில் ஓர் இருமல் விழுந்திருந்தது. பக்கத்துக் காம்பிரா வேலு மாமாவின் இருமல். முப்பது வருடம் பெக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் நின்றவர். நெஞ்சிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒருமுறை தட்டி, வெளியே வெடிக்கும் இருமல். பேஸ் ட்ரம்மும் ஸ்னெயார் ட்ரம்மும் ஒன்றாக அடித்தது போல இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை வெட்டி எறிந்திருப்பார்கள். நான் மேதாவி. வெட்டி எடுத்து, லூப் பண்ணி, நான்கு அடிக்கு ஒருமுறை வரும்படி பீட்டில் வைத்தேன்.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சோர்ந்துபோனார்கள். தனா அதற்கேற்ப, பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டு விழிக்கிற சேவல் பற்றி எட்டு வரி எழுதினாள். அதுதான் ‘ஏழாம் லயத்தின்’ முதல் வெற்றி. பதுளையில் த்ரீவீல் எல்லாம் இருமிக்கொண்டே ஓடின. ஸ்பிரிங்வெளியில் ஒரு திருவிழா மேடை கிடைத்தது, பிறகு ஹல்துமுல்லையில் ஒன்று. கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் அழைத்து, அந்தத் தாள ஒலி எந்த சொப்ட்வெயாரில் இருக்கிறது என்று கேட்டார். தொழில் ரகசியம் என்றேன். அந்தப் பெருமையில் இரண்டு நாள் சாப்பாடு ருசித்தது.

வேலு மாமாவின் சாப்பாடு எப்படியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் ரோட்டில் நடந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாளத்தோடு இருமினார்கள். அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். அந்தத் தீபாவளிக்கு தனாவின் அம்மா கொடுத்துவிட்ட பலகாரத் தட்டு, மூடிய துணி கலையாமல் திரும்பிவந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சுவர் அதே பாதிச் சுவர்தான். ஆனால் அதற்கு மேலால் இருமலைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை

தனாவின் அப்பா இறந்த பிறகு குடும்பம் அவளும் அம்மாவுமாகச் சுருங்கியது. அவளுக்கு ஜோர்தானில் தையல் தொழிற்சாலை வேலை சரிவந்தது. திங்கட்கிழமை பயணம். போகும்முன் ‘பாதிச் சுவர்’ என்ற பாட்டில் அவளுடைய பகுதியைப் பதியவேண்டும். சனிக்கிழமை மழையில் ரோட்டில் மண் சரிந்தது, பஸ் நின்றது. அவளால் பதுளைக்கு வந்து திரும்ப முடியாது. ஆகவே ஸ்டூடியோ அவளிடம் போயிற்று. மண் சரிவு வரை மோகனின் த்ரீவீல், அதற்கப்பால் என் கால்கள். ஒரு கையில் லெப்டொப், தோளில் மைக் ஸ்டாண்ட், எனக்கு முன்னால் எப்போதும் போகும் என் வயிறு.

பாட்டை அவள் வெளிநாட்டிலிருந்தும் பதிந்து அனுப்பலாமே என்று நடுவழியில் தோன்றியது. போனதும் அதைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். லயத்தில் குரலைத் தாழ்த்துவதால் பயனில்லை, ஆனாலும் தாழ்த்தினாள்.

“பாட்டுக்கில்லண்ணே. அம்மா தனியா இருக்கப்போறா. பிரஸர் வேற. ஒண்ணுன்னா சுவத்தத் தட்டத்தான் அவளுக்குத் தெரியும். தட்டுனா அந்தப் பக்கம் ஆள் வரணுமே.”

மன்னிப்புக் கேட்க மூன்று தரம் போனாளாம். கதவு திறக்கவில்லை. சுவருக்கு மேலால் பேசிப் பார்த்தாளாம். ரேடியோ சத்தம் கூடியதாம். பாட்டென்றால் ஒருவேளை கேட்பார் என்று நினைத்தாள்.

“இருமல லூப் பண்ணது நான்தான்னு சொன்னியா?”

“சும்மா இருங்கண்ணே. எங்க பாட்டு, எங்க தப்பு. ஒங்க பேர எதுக்கு இழுக்கணும்.”

ஒன்றரை வருடம் அந்தப் பெண் என் பிழையைத் தன் தலையில் சுமந்திருக்கிறாள். நானோ தொழில் ரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தேன்.

மைக்கைச் சுற்றிக் கம்பளிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு கூண்டு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை, மழை, ஆகவே பன்னிரண்டு காம்பிராவும் நிறைந்திருந்தன. அருளும் மோகனும் ஒவ்வொரு வாசலாகப் போய் நான்கு நிமிட அமைதி கேட்டார்கள். குக்கரை இறக்கினார்கள். டிவியை நிறுத்தினார்கள். சேவலைக் கூடையால் மூடினார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் கோயில் பக்கம் போனாள். மீதி இருந்தது பக்கத்துக் கதவு. அதற்கு நான் போனேன்.

வேலு மாமா பாதிக் கதவைத் திறந்தார். தலையில் மங்கி கெப் குல்லாய், கழுத்தில் துவாய்த் துண்டு. நான் யாரென்று சொன்னேன். அந்த இருமலை வெட்டி பீட்டில் வைத்தது நான்தான், பிள்ளைகளுக்கு அது தோன்றவேயில்லை என்றும் சொன்னேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நீங்கதானா அது? நான் அந்தப் புள்ளதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” கொஞ்சம் இருமினார். “படிச்சவரு மாதிரி இருக்கீங்க.”

இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுவே கடுமையானது.

நான்கு நிமிடம் சத்தமில்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

“இருமல் என்ன பஸ்ஸா தம்பி, டைம் டேபிள் போட்டு வர்றதுக்கு?” என்றார். கதவு மூடியது.

வேறு வழியில்லை, தொடங்கினோம். முதல் டேக்கில் எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது. இரண்டாவதை என் போன் கெடுத்தது. பன்னிரண்டு வீட்டின் வாயையும் அடைத்துவிட்டு என் போனை அணைக்க மறந்திருந்தேன். மனைவி, பேக்கரியில் பாண் வாங்கிவரச் சொல்வதற்காக. மூன்றாவதில் தனா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடத்துக்கு வந்தபோது நான் மீட்டரைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்த்தேன்:

பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா நெஞ்சு
பெக்டரித் தூசி குடிச்சிக் குடிச்சி ஆச்சு பஞ்சு
அதத் தாளமாக்கி நான் சிரிச்சேன் அன்னிக்கு
அந்தச் சிரிப்பு தொண்டையில நிக்குது இன்னிக்கு

நான்கு நிமிடமும் ஓர் இருமல் இல்லை. ஹெட்போனில் மழையும் அவள் குரலும் மட்டும். நான் கையை உயர்த்தியதும் லயம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. சேவலைத் திறந்துவிட்டார்கள்.

“மாமா கேட்டிருப்பாரு,” என்றான் மோகன்.

வெளியே வந்து பார்த்தோம். பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் மனைவி மட்டும் இருந்தார். பீலிப் பக்கம் கையைக் காட்டினார். லயத்துக்குக் கீழே, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கும் அப்பால், மழையில் வேலு மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார், துவாயை உருட்டி வாயில் அழுத்திக்கொண்டு. மூன்று டேக்கும் அங்கேதான் நின்றிருக்கிறார். பாட்டில் ஒரு சொல்லும் அவருக்குக் கேட்டிருக்காது.

தனா குடையோடு இறங்கி ஓடினாள், நாங்கள் பின்னால். அவருக்கு முன்னால் போய் நின்றாள். குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

அவர் துவாயை எடுத்தார்.

“முடிஞ்சிருச்சா? இப்ப இருமலாமா?”

அவள் தலையாட்டினாள். அவர் குனிந்து இருமினார். வெகுநேரம் இருமினார். அவள் ஒரு கையால் குடையைப் பிடித்து, மறுகையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“மாமா, நான்...”

“நீங்க பேசுறது எல்லாந்தான் கேக்குதே அந்தச் சுவத்துல. அம்மாவத் தட்டச் சொல்லு. நாங்க எங்க போகப்போறோம்.” பிறகு என்னைப் பார்த்தார். “இந்த மனுசன மட்டும் கொஞ்சம் தள்ளியே நிக்கச் சொல்லு. கையில மைக் வச்சிருக்காரு.”

4. பெயர்கள்

‘பாதிச் சுவர்’ வெளிவந்த அன்று தனாவின் அம்மா போனைச் சுவரின் மேல் வைத்து ஒலிக்கவிட்டாராம். பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு கேட்டதாம்.

குழு கலையவில்லை. அருள் இன்னும் பெக்டரியில், இப்போது தூசிக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்கிறான். மோகனுக்கு ஒரு மகள். தனா ஜோர்தான் விடுதியில் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பதிந்து அனுப்புகிறாள். என் ஸ்டூடியோவைவிட அந்த அலமாரியில் சவுண்ட் சுத்தம்.

இளம் பொறியாளர்கள் சிலர், லயத்தில் பதிந்த பாட்டில் பின்னால் இவ்வளவு அமைதி எப்படி வந்தது, எந்த ப்ளக்-இன் என்று கேட்கிறார்கள். இந்த முறை உண்மையைச் சொல்கிறேன். ஒருவருடைய ஒலியை எடுக்கும்முன் அவருடைய வாசலுக்குப் போய்க் கேளுங்கள். மறுத்தால் திரும்பிவாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

நானும் தாமதமாகக் கேட்டேன். முதல் பாட்டிலிருந்து அந்த இருமலை எடுத்துவிடட்டுமா என்று வேலு மாமாவிடம் கேட்கப் போனேன்.

“இருக்கட்டும். பாடுனவங்க, அடிச்சவங்க பேரெல்லாம் போடுறீங்கள்ல? என் பேரையும் போடுங்க.”

போட்டேன். இருமல்: வேலு. இரண்டாவது பாட்டுக்கும் போடுவதாகச் சொன்னபோது, அதில் தான் ஒன்றும் செய்யவில்லையே என்றார். சம்மதமில்லாமல் செய்வதில்லை என்ற என் கொள்கையை அந்த ஓர் இடத்தில் மட்டும் மீறினேன். தேடிப் பார்த்தால், பெயர்ப் பட்டியலின் கடைசி வரியில், என் பெயருக்கும் கீழே இருக்கும்:

இருமாதவர்: வேலு.