வந்தவளுக்கு வருகை இல்லை

வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவிக்கு ‘வரவில்லை’ என்று குறிக்க ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: அவள் வந்திருக்கக் கூடாது. விதி அவ்வளவு தெளிவு. ஆனால் மரக்காணம் உப்பளங்களை ஒட்டி நான் தலைமையாசிரியராக இருந்த உயர்நிலைப் பள்ளியில், 2005இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒரு பெண், நாள் தவறாமல் பள்ளிக்கு வந்தும் வராதவளாகவே இருந்தாள். குழப்பம் செய்தால் ஆசிரியர் அவளை வெளியே அனுப்புவார். அனுப்பியதற்கு அடையாளமாகப் பதிவேட்டில் அரை நாளையும் கழித்துவிடுவார். வேப்பமரத்தடியில் நிற்பவளை ஜன்னல் வழியே பள்ளியே பார்க்கலாம். பதிவேட்டின் கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டாள். மாத இறுதியில் நான் கையெழுத்திடுவேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

குழப்பம் என்றால் சாதாரணக் குழப்பமில்லை. முன்னால் இருப்பவளின் பின்னலைப் பெஞ்சோடு முடிந்துவிடுவாள். கணக்கு ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பினால், அவர் குரலிலேயே கணக்கை முடித்து வைப்பாள். கண்டித்தால் பையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே போய்விடுவாள்.

நான் முறைப்படி நடந்தேன். தனியே அழைத்து விசாரித்தேன், எச்சரித்தேன், நடத்தைப் பதிவேட்டில் எழுதினேன். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் கவுன்சலிங் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கற்றவன் நான், சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பயிற்சியின்படி ஒரு முழுப் பாடவேளை அவளிடம் இதமாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முடிஞ்சிச்சா சார்? போவட்டா?” என்றாள்.

அடுத்து, விதிப்படி, பெற்றோருக்குக் கடிதம். அவள் அம்மா உப்பள வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

“வூட்லயும் அப்பிடித்தான் சார். நீங்க ரெண்டு போடுங்க.”

அடிக்க விதியில் இடமில்லை என்று விளக்கினேன்.

“அப்ப இன்னாத்துக்கு சார் கூப்ட்டீங்க?”

அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன், வானூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி ஒரு தமிழாசிரியை வந்தார். கிளியனூர் விவசாயக் குடும்பம், என் வயதில் பாதி. எந்தக் கவுன்சலிங் பயிற்சிக்கும் போனவர் அல்ல. பெண்ணின் அம்மாவைப் பள்ளிக்கு அழைக்காமல், ஒரு நாள் காலையில் தானே உப்பளத்துக்குப் போனார். செருப்பைக் கையில் பிடித்தபடி, முழங்கால்வரை வெளுத்துத் திரும்பினார். அங்கே அவர் பார்த்தது இதுதான்: பாத்தியில் இரண்டு பெண்களுக்குள் சண்டை. மேஸ்திரி யார் பக்கம் நியாயம் என்று கேட்கவில்லை. ஒருத்தி தலையில் உப்புக் கூடையைத் தூக்கி வைத்து, “ஒரு நடை போயிட்டு வா, அப்பால பேசலாம்” என்றாராம். அவள் அதை உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பியபோது பேச ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் வகுப்பில் பெண் வம்பைத் தொடங்கியதும், ஆசிரியை ஒரு பிளாஸ்டிக் குடத்தை நீட்டினார். “ஏய், ஒரு நடை.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “டேய், மேஸ்திரி டீச்சர்டா!”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அடிபம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வராந்தாப் பானையில் ஊற்றிவிட்டு, வந்து உட்கார்ந்தாள். சில நாள் பல நடை, சில நாள் நடையே இல்லை. ஒருமுறை அடுத்தவள் நோட்டைக் கிழித்தாள். ஆசிரியை பள்ளி விட்ட பிறகு கூடவே உட்கார்ந்து, கிழித்த பக்கங்களை அவளையே எழுதிக் கொடுக்க வைத்தார். குடம் மற்ற ஆசிரியர்கள் கைக்கும் போனது; பதிவேட்டில் அரை நாள் கழிவது நின்றது.

பிறகு மாலைகளில் ஆசிரியையின் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் பஸ் நிறுத்தம்வரை போனாள். என்னிடமும் பை இருந்தது. முப்பது வருடமாக நானே தூக்கிய பை.

பொங்கலுக்குப் பிறகு வேகவைத்த பனங்கிழங்கைத் தாளில் சுற்றி ஆசிரியைக்குக் கொண்டுவந்தாள். ஆசிரியர் அறையில் அதை என்னிடம் நீட்டினார்: “சாப்பிடுங்க சார், நம்ம பொண்ணு குடுத்தது.” நம்ம! எனக்குச் சர்க்கரை நோய் என்றேன். எனக்குச் சர்க்கரை இல்லை. பாடத்திட்டத்தில் அவர் பின்தங்கியிருப்பார் என்ற நம்பிக்கையோடு பாடக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். ஒரு வாரம் முன்னால் இருந்தார்.

மார்ச்சில் கணக்கிட்டபோது, முன்பு கழித்த அரை நாட்களால் பெண்ணுக்கு வருகை போதவில்லை. தலைமையாசிரியர் பரிந்துரைக்கலாம், மாவட்டக் கல்வி அலுவலகம் விலக்கு அளித்து ஆணையிட வேண்டும், ஆணை வந்த பிறகே தேர்ச்சிப் பட்டியலில் பெயர். வராவிட்டால் மறுபடி ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள்: “அதே கிளாஸ்லயே குந்தினான்னா, உப்புப் பாத்திக்கு வரட்டும் டீச்சர்.”

ஆசிரியை என் அறைக்கு வந்தார். “சார், இந்த வேலை எனக்குத் தெரியாது. ஒங்களாலதான் ஆவும்.”

அந்த வாக்கியத்தை நான் இரண்டு நாள் சுவைத்தேன். எந்த எழுத்தரும் குறை சொல்லித் திருப்ப முடியாதபடி, விலக்குக் கோரும் கருத்துரு ஒன்றை இணைப்புகளோடு அனுப்பினேன். பிறகு நினைவூட்டு. பிறகு இன்னொரு நினைவூட்டு. மே மாதம் பட்டியல் வெளியிடும் நாளும் வந்தது, பதில் வரவில்லை.

“ரூல் என்னவோ அதைச் செய்யுங்க சார்,” என்றார் ஆசிரியை. “நான் அவ வூட்டுக்குப் போய்ச் சொல்லிக்கிறேன். அழுவா. கூட இருக்கேன்.”

கூட இருக்கேன் என்றதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது: அவள் அழுவாள், இவர் தலையைத் தடவுவார், அலுவலகம் வில்லன், அதன் உள்ளூர்ப் பிரதிநிதி நான். பேனாவை எடுத்து அவள் பெயருக்கு எதிரே ‘தேர்ச்சி, ஆணையை எதிர்நோக்கி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படி எழுத எந்த விதியும் இடம் தரவில்லை.

“சார், மாசக் கடைசில ரிட்டயர் ஆவுறீங்க. ஒங்க பென்ஷன் ஃபைலும் அதே ஆபீஸ்லதான இருக்குது?”

“தெரியும்மா.”

அன்று சாயங்காலம் பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். இந்த ஒருமுறையாவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தேங்க்ஸ் சார். டீச்சர்தான் ஒங்களாண்ட பேசி வாங்கிக் குடுத்தாங்களாமே?”

ஜூனில் அவள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்தேன். விலக்கு மறுக்கப்பட்டால் அவளை எல்லார் முன்னாலும் கீழ் வகுப்புக்கு இறக்குவார்கள். என் ஓய்வூதியக் கோப்பு அலமாரிக்குள் போய்விடும். சாயங்காலங்களில் பள்ளிக்குத் தொலைபேசி செய்வேன். “இன்னும் வர்ல சார்,” என்பார் புதிய தலைமையாசிரியர், கடன்காரனிடம் பேசும் குரலில்.

கடைசியில் தொலைபேசியில் வந்தது ஆசிரியையின் குரல்தான். அந்தச் செய்தியையும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. “விலக்கு குடுத்துட்டாங்க சார்! இனிமே முன் அனுமதி இல்லாம இப்பிடிச் செய்யக் கூடாதுன்னு ஒங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்காங்க.” பின்னால் அந்தப் பெண் எதையோ சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கேட்கவில்லை. ஆணை எண்ணைக் குறித்துக்கொண்டேன்; அது பள்ளிக்கு வந்து சேர்ந்த தேதியையும்: 14 ஆகஸ்ட் 2006, திங்கட்கிழமை.