கடிதத்தில் மீன் வாசம்

மகள் நீட்டிய பள்ளிச் சுற்றுலா அனுமதிக் கடிதத்தில் மீன் வாசம் அடித்தது. தாத்தாவிடம் முதலில் காட்டியிருக்கிறாள்.

ஏழாம் வகுப்பில் நான் கொண்டுவந்த கடிதத்திலும் இதே வாசம்தான். பவளப்பாறை பார்க்க அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார், மீனவரான அப்பா. வகுப்பு ஆசிரியையான கன்னியாஸ்திரீ சிஸ்டர் வீட்டுக்கே வந்தார்.

"கடல்ல பொழைக்கிற நீங்களே பயந்தா எப்படி?"

"கடல எனக்குத் தெரியும் சிஸ்டர். அதான் பயம்."

கடைசியில் கையெழுத்துப் போட்டார். கப்பல் துறைமுகம் தாண்டியதும் தோழிகள் சிரித்தார்கள். பின்னால் எங்கள் டிங்கிப் படகில் அப்பா வந்துகொண்டிருந்தார். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தாத்தா என்னடி சொன்னாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. டீசல் வாங்கப் போயிருக்காங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"கப்பல்ல பின்பக்கமா நில்லு. தாத்தாவுக்கு டாட்டா காட்டணும்."