அம்பாலாக்காரி

எழுபதுகளின் கடைசியில் என் மனைவிக்கு வலது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. நாங்கள் கரோல் பாக்கில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு மத்திய சர்க்கார் வேலை. காயம் ஆறியதும் ஆஸ்பத்திரிக்கு வந்து கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வரவேயில்லை. எங்களுக்கு அது கரண்ட்தான்.

முதல் வாரம் லீவு போட்டு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே பெஞ்சில் பழக்கமானவள்தான் அந்த அம்பாலாக்காரி. எங்களைவிட மூத்த பஞ்சாபிப் பெண்மணி. அவளுக்கும் அதே வியாதி. அம்பாலாவிலிருந்து வந்து தம்பி வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் இந்தி தெரியும். அதை வைத்துக்கொண்டு இருவரும் என்னதான் பேசினார்களோ.

அடுத்த வாரமே மனைவி, "நீங்க ஆபீஸ் போங்க. பெஹன்ஜி பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க, நான் அவங்களோட போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

கையைத் தூக்க முடியாததால் அவளுக்கு நான்தான் தலை வாரிவிடுவேன். பின்னல் கோணலாகத்தான் வரும். ஒரு நாள் மாலை வீடு திரும்பினால் வழவழவென்று இறுக்கமான பின்னல். யார் போட்டது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இன்னொரு நாள், ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கடுகும் அடைத்துத் தைத்த ஒரு சின்னப் பை வந்தது.

"கனம்கூட சரியா இருக்கு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை இவ்வளவு பொருத்தமாகத் தைக்க வேண்டுமென்றால் அவள் பார்த்திருக்க வேண்டும். நானோ அந்தக் காயத்தைப் பார்த்ததே இல்லை. துணி மாற்றும்போதெல்லாம் மனைவி கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். புல்தரையில் உட்கார்ந்து இருவரும் ஒரே டப்பாவிலிருந்து முள்ளங்கிப் பராத்தா தின்றுகொண்டிருந்தார்கள். என் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. என்னைக் கண்டதும் அது நின்றுவிட்டது.

"ஏன் வந்தீங்க? ஏதாவது ஆச்சா?"

"ஆயியே பாயி சாப், பைட்டியே" என்று அம்பாலாக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். என் மனைவியின் பக்கத்தில் எனக்கு இடம் கொடுக்க இவள் யார் என்றிருந்தது.

பஸ்ஸில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "என்கிட்ட மட்டும் உனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குதே?"

"உங்ககிட்ட நான் தைரியமா இருக்கணும். அவங்ககிட்ட அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்பாலாக்காரிக்குச் சிகிச்சை முதலில் முடிந்தது. ஸ்டேஷனில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ரயில் நகர்ந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. அவள் இருந்திருந்தால் தேவலை என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். கதவைச் சாத்தவில்லை. "பாருங்க" என்றாள். பார்த்தேன். அவளோ காயத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அவங்க பாத்தப்ப என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவங்களோடதைக் காட்டினாங்க."

மனைவி பிறகு நெடுங்காலம் நன்றாகவே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக என்னிடமும் அழுதாள், சிரித்தாள். அம்பாலா என்ற பெயர் காதில் விழுந்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்கிறது.