சுடுதண்ணீர்த் தாங்கியின் சுவிச்

மலையிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கொழும்பு வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், மனைவிக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதல்நாள் அவள் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்திருந்தாள். முழங்கால்வரை பிளாஸ்டர். எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்கு. ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, அவள் கீழே இறங்க முடியாது. அவளைத் தனியே விட்டு நானும் ஒழுங்கை முனை இடியப்பக் கடைக்கு அப்பால் போக முடியாது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று சொல்லித்தான் இந்த வீட்டைத் தந்தார்கள். இப்போது தெரிவது அடுத்த தொடர்மாடியின் சுவர்.

"சார், மெசின் பயங்கரமா கத்துச்சு. ஓடியாந்து வால்வ மூடிட்டேன். பேட்ரி எல்லாம் வீங்கிக் கெடக்கு. நான் எதையும் தொடல சார்."

பேசியது அங்கே இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். அரசாங்க மின்கம்பி எட்டாத அந்த உச்சியில் ஒன்பது வீடுகளுக்கு, ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, சின்னச் சுழலி ஒன்றைச் சுற்றவைத்து, பற்றரிகளை நிரப்பி வெளிச்சம் கொடுத்தது என் வேலை. அதை ஓடவைத்தது அவர் வேலை. அறையின் சாவி அவருடைய கழுத்துக் கயிற்றில் கிடக்கும். வால்வை ஒரேயடியாக மூடினால் குழாய் வெடித்துவிடும், மெல்ல மெல்லத்தான் திருகவேண்டும். இயந்திரம் காது கிழியக் கத்திக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் நின்று அவர் அப்படித்தான் திருகியிருக்கிறார். நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே விளங்கியது. காலி வீதியில் நான் வேலை செய்யும் கடைக்குச் சோலர் வாங்க வருபவர்களிடம் வாய் கிழியச் சொல்லும் விடயம்தான். சோலர் தகடு சாது. பற்றரி நிரம்பினால் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்துவிடும், தகடு சும்மா வெயில் காயும். ஓடும் தண்ணீருக்கு அந்தச் சாதுக்குணம் கிடையாது. பற்றரி நிரம்பியது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுழலியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வருகிற மின்சாரத்தைக் குடிக்க ஆள் இல்லாவிட்டால் பற்றரி கொதிக்கும். அதையும் கழற்றிவிட்டால் சுழலி பேய் பிடித்ததுபோலச் சுற்றும். ஆகவே மிச்ச மின்சாரத்தைக் கன்ட்ரோலர் ஒரு தண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கும் ஹீற்றர் கம்பிகளுக்குத் திருப்பிவிட வேண்டும். கடையில் அதற்கு டம்ப் லோட் என்று பெயர். மலையில் சுடுதண்ணித் தொட்டி. அங்கே பிள்ளைகள் குளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

"தொட்டி சுவிச் எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆஃப்ல இருக்கு சார்." "நான் தொடல," என்றார் மறுபடியும்.

பின்னேரம் அங்குள்ள மின்சாரச் சங்கத்தின் தலைவர் போன் எடுத்தார். ஒன்பது வீட்டுக்கும் பொறுப்பானவர் அவர். குளிக்கத் தண்ணீர் அதிகம் சுடுகிறதென்று அந்தப் பெண் தொட்டிச் சுவிச்சை ஆஃப் பண்ணி நூர்த்திருப்பாள் என்பது அவருடைய முடிவு. "அப்படி இருக்குமா சார்?" என்று கேட்டார்.

"யாரோ நூர்க்காமல் அது தானா நூராது," என்றேன். "சுவிச்சைக் கவனிக்கிறதுதானே சாவி வச்சிருக்கிறவவின்ர வேலை."

நான் சொன்னது அவ்வளவுதான். அன்றைக்கே அந்தப் பெண்ணிடமிருந்து சாவியை வாங்கித் தலைவர் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். கழுத்துக் கயிற்றோடு வாங்கினார்களாம்.

மூன்றாம் நாள் காலை. மனைவிக்கு மேல் கழுவச் சுடுதண்ணீர் வேண்டும் என்பதால் ஹீற்றரைப் போட்டிருந்தேன். எங்கள் குளியலறை வாசலில், வெளிப்பக்கம், சிவப்பு விளக்கோடு சுவிச் இருக்கும். கொழும்பில் எந்தத் தொடர்மாடியிலும் அப்படித்தான். அவளுக்கு இடியப்பம் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"அதை ஏன் நூக்கிறியள்? இப்பதானே போட்டனீங்கள்," என்றாள் கட்டிலில் இருந்து.

"எதை?"

"ஹீற்றரை."

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. என் கை இன்னும் சுவிச்சில் இருந்தது.

"வெளிக்கிட்டா உங்கட கை அங்கதானே போகும்," என்று சிரித்தாள். "இருபது வருசமா நான் கத்திக் கத்திப் பழக்கினது."

சனிக்கிழமை நான் மலையில்தான் இருந்தேன். தொட்டியில் பழுதான ஹீற்றர் கம்பி ஒன்றை மாற்றி, சுவிச்சைப் போட்டு, எல்லாம் சரியென்று பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் இவள் விழுந்த செய்தி வந்தது. வேலைக் கருவிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தேன். அந்த அறைச் சுவிச் வாசலோரம்தான், சிவப்பு விளக்கோடு. அங்கே வைத்தது நான்தான். பாதுகாப்புச் சுவிச்சை எவனாவது போகிற வருகிறவன் கை படுகிற இடத்தில் வைப்பானா? வெள்ளவத்தைக்காரன் வைப்பான். தன் வீட்டுக் குளியலறை மாதிரியே வைப்பான், போகும்போது சிக்கனமாக நூர்த்துவிட்டும் போவான்.

கையில் வெறும் பையோடு கட்டிலில் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னேன்.

"எடுத்துச் சொல்லுங்கோவன்," என்றாள் உடனே.

"போனில சொல்லுற விசயமே இது? நேரில போய்ச் சொல்லுறதுதான் முறை. உன்ர கால் ஆறட்டும்."

அவள் பிளாஸ்டர் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள். பிறகு, "இடியப்பம் முடியப்போகுது, போய் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இவ்வளவு காலம் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த வாய் இது. இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவனிடமும் முதல் நாளே, மற்றதெல்லாம் மறந்தாலும் தொட்டிச் சுவிச்சை மட்டும் மறக்காதே என்று சொல்லுகிற வாய். நானே நூர்த்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

புதுப் பற்றரிகளைக் கடையிலிருந்து வேறொரு ஆள் கொண்டுபோனான். அவனிடம் அந்தச் சுவிச்சைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பியை நேரே இணைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். இனி யாரும் தவறு விடாமலிருக்கத்தான் என்றேன். 'யாரும்' என்ற சொல் வாயில் நன்றாகவே வழுக்கியது. கம்பியைத் திருத்தியாயிற்று, சொன்ன சொல்லைத் திருத்தவில்லை.

மூன்று கிழமை அப்படியே போயிற்று. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, அவளைக் குளியலறைக்குத் தாங்கிக்கொண்டு போவது, வருவது. கீழே தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் கூவும்போதெல்லாம் கோட்டை நிலையத்துக்குப் போய் மலைநாட்டு ரயில் ஏறிவிடலாமா என்று தோன்றும். உடனே அவளுடைய காலைப் பார்த்துக்கொள்வேன். யார் விசாரித்தாலும், "எங்க போறது, கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறன்," என்று ஒரே பதில். அறைக்குள் நடந்து நடந்து சுவரைத் தொட்டுத் திரும்புவேன். அவள் எரிச்சலோடு, "ஒருக்கா இருங்கோவன்," என்பாள். இரவில் படுத்தால் அந்தப் பெண் இரண்டு தரம் சொன்ன "தொடல" காதுக்குள் கிடக்கும்.

பிறகு ஒரு காலை தலைவரின் தம்பி போன் எடுத்தார். சுடுதண்ணித் தொட்டி கொதிக்கிறதாம்; ஹீற்றர் கம்பியைக் கழற்றிவிட்டால் கரண்ட் மிச்சம்தானே என்று கேட்டார். தொட்டிக்குள் பச்சைத்தண்ணீர் விடுங்கள், கம்பியில் கை வைக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லி வைத்துவிட்டு, நேரே தலைவருக்கு எடுத்தேன். நல்ல வார்த்தை தேடவில்லை. அன்றைக்கு நூர்த்தது நான், சாவியை அவவிடமே திருப்பிக் கொடுங்கோ, என்றேன்.

தலைவர் சிரித்தார்.

"சாருக்குப் பெரிய மனசு. அந்தப் பிள்ளை பாவம்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க."

"இல்லை, உண்மையாத்தான் சொல்லுறன்."

"சுவிச்ச மறக்காதன்னு எங்களுக்கெல்லாம் மணிக்கணக்கா சொன்னவங்க நீங்க. நீங்க போயி ஆஃப் பண்ணுவீங்களா? விடுங்க சார்."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மனசு அவருக்குப் பெரிதாகிக்கொண்டே போயிற்று. கதவுகளையெல்லாம் நானே பூட்டிவிட்டு உள்ளே நின்று தட்டுவதுபோல இருந்தது.

கடைசியில் அந்தப் பெண்ணுக்கே எடுத்தேன். மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றார் போலிருந்தது, பின்னால் பெண்களின் பேச்சு. நான் நூர்த்தேன், என்னை மன்னிக்கவேணும், தலைவர் நம்பமாட்டேன் என்கிறார் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும் சார்," என்றார்.

"தலைவர் சொன்னவரோ?"

"இல்ல. நீங்க கெளம்புறப்ப ஆஃப் பண்ணுனத நான் பாத்தேன். வாசல்ல தானே நின்னேன்."

போனை இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"சார் செஞ்சா ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்."

"அப்ப ஏன் சங்கத்தில சொல்லேல்லை?"

"கொழும்பு சார்தான் பண்ணுனாருன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க? அதான் அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணி நான் தொடல, நான் தொடலன்னு சொன்னேன். உங்களுக்கா ஞாபகம் வரும்னு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "நீங்க இங்க வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க சார். போன்ல சொன்னா எடுபடாது."

"வாறன்," என்றேன். "இவவுக்கு இன்னும் மூண்டு கிழமை காலை ஊன்ற ஏலாது. அது முடிஞ்சவுடன..."

"நாளைக்கு வருவார்," என்றாள் மனைவி கட்டிலில் இருந்தபடியே, போனுக்குக் கேட்கும்படி சத்தமாக. "பக்கத்து வீட்டுத் தாத்தா என்னைப் பாக்கிறன் எண்டு முதல் கிழமையே சொன்னவ. இவருக்கும் தெரியும்."

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணை நாங்கள், அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல, தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னது எனக்குத் தெரியும். அவர் வாசலில் நின்று சொன்னபோது, கஷ்டப்பட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்தியது நான்தான்.