தங்கையின் குரல்

உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்தபோது என் தங்கை குண்டு எறிதலில் பேர் வாங்கியிருந்தாள். மாநிலப் போட்டிக்கு முன்பு பயிற்சியாளர் அவளுக்குத் தினமும் மாத்திரை கொடுத்தார். குண்டு போய் விழும் தூரம் கூடக்கூட எங்களுக்குப் பெருமை. பிறகு அவள் குரல் தடித்தது. சளி என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கேட்கவில்லை.

தேனி டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இது ஆம்பளைகளுக்கான ஹார்மோன்மா.”

“கோச் சார் வைட்டமின்னுதான சொன்னாக,” என்றாள் தங்கை.

“நிறுத்துனா ஒடம்பு தேறிரும். குரல் பழையபடி வர்றது கஷ்டம்.”

அன்றே நிறுத்தினாள்; போட்டிக்கும் போகவில்லை.

சென்ற மாதம் ஓடைப்பட்டிச் சித்தியின் போனை அவள்தான் எடுத்தாள். “யாருப்பா அது? புள்ளைககிட்ட குடுப்பா,” என்றாள் சித்தி. தங்கை போனை என்னிடம் நீட்டினாள்.