மாமாவின் இரண்டாவது ஹெல்மெட்

எந்த ஊருக்குப் போவதானாலும் வவுனியா வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒன்பது வயது வரை நான் நம்பியிருந்தேன். மாமா மட்டக்களப்புக்குப் போனார், வவுனியாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். திருகோணமலைக்குப் போனார், அப்போதும் வவுனியாவில் தேத்தண்ணி. ஒருமுறை தெற்கே அம்பாந்தோட்டைக்குப் போனவர்கூட, திரும்பும்போது எப்படியோ வவுனியாவைத் தொட்டுக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படத்தைப் பார்த்தபோது, அதை வரைந்தவர்தான் பிழைவிட்டிருக்கிறார் என்று முடிவுசெய்தேன்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறைச் சோபாவில் படுத்தெழும்பி, மருதானையில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த அடுத்த வருஷம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் பிறகு மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் சோபா காலியாகிவிடும்.

அவர் கொண்டுபோகும் சாமானைப் பார்த்தால் கடைத்தெருவுக்குப் போகிறார் என்றுதான் நினைப்பீர்கள். மாற்றி உடுக்க ஒரு சாரம், ஒரு சேட், பல்துலக்கும் பிரஷ், ஒரு ஸ்பானர், ரியூப் ஒட்டுகிற பசை. மாற்றுக் கிளச் வயரைப் பையில் வைக்காமல், பழைய வயரோடு சேர்த்து நீளத்துக்கு ஒட்டியிருந்தார். சாரம்தான் அவருக்குப் பாய், போர்வை, துவாய் எல்லாம். மழை வந்தால் காலில் இரண்டு சிலிசிலிப் பொலித்தீன் பைகளைக் கட்டிக்கொள்வார். "மடியில வைக்கேலாத சாமான் எனக்கு வேண்டாம்" என்பார்.

இதனால் எங்கள் மாடிக் கட்டிடத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. வெள்ளவத்தையில் ஒருவர் வடக்கே போகிறார் என்றால் அவர் தனக்காக மட்டும் போகிறார் என்று அர்த்தமில்லை. நாலாம் மாடியிலிருந்து சுன்னாகத்துக்கு மருந்து வரும். கீழ் வீட்டிலிருந்து யாரோ ஒருவரின் மகளுக்குச் சட்டைத் துணி வரும். வெளிநாட்டிலிருந்து வந்த சொக்லேட் பெட்டிகள் வரும். மாட்டேன் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. மாமாவோ "இடமில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இடமில்லை என்பவர் பின் சீற்றில் ஒரு ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு போவதுதான் எல்லோருக்கும் எரிச்சல். கடும் சிவப்பில் ஒரு பெண்கள் ஹெல்மெட். சைக்கிள் ரியூபைக் கீலமாக வெட்டி அதனால் இறுக்கிக் கட்டியிருப்பார். யாருக்கு என்று கேட்டால், "வழியில ஆரும் ஏறினா?" என்பார். ஒருவரும் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

என்னையும் கூட்டிப்போகச் சொல்லி இரண்டு வருஷம் அழுதிருக்கிறேன். மாமா "ஓம், ஓம்" என்பார், அம்மா "உனக்கென்ன விசரோ?" என்று அவரை அதட்டுவார். அதோடு கதை முடிந்துவிடும். அப்படிப்பட்ட அம்மா, ஒரு சித்திரை விடுமுறையில் விடியப்புறம் என்னை எழுப்பி, முகம் கழுவி, இரட்டைப் பின்னல் போட்டு, காற்சட்டை உடுத்திக் கீழே கூட்டிவந்து மாமாவின் முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, பிள்ளை எத்தினை நாளாக் கேக்கிறாள். இந்த முறை கொண்டுபோ."

மாமா அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அக்கா, இந்த முறை வேண்டாமே. அடுத்த முறை சத்தியமாக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அதற்குள் நான் அழத் தொடங்கிவிட்டேன். மாமாவுக்கு என் அழுகையைத் தாங்க முடியாது. அம்மாவுக்கு அது தெரியும்.

அவர் கட்டை அவிழ்த்து ஹெல்மெட்டை என் தலையில் வைத்தார். ஆட்டம் கண்டது. அம்மா ஒரு கைத்துவாயை மடித்து உள்ளே திணித்துச் சரிசெய்தார். பிறகு என் காதோரம் குனிந்து சொன்னார்: "எங்கயும் இறங்கலாம். வவுனியாவில மட்டும் சைக்கிளை விட்டு இறங்காதை, ஹெல்மெட்டையும் கழட்டாதை. அங்க மாமாவுக்கு மறதி கூட. உன்னை விட்டுட்டு வந்திடுவார்."

நான் தலையாட்டினேன். ஹெல்மெட்டும் ஆடியது.

அந்தப் பயணம் எனக்குள் இன்னும் பாதித் தூக்கமாகவே இருக்கிறது. பேலியகொடையைக் கடக்கும்போது மீன் மணமும் விடியலும் ஒன்றாக வந்தன. பிறகு தென்னைகள், தென்னைகள், முடிவில்லாத தென்னைகள். புத்தளத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் காற்று, சங்கைக் காதில் வைத்ததுபோல் இரைந்துகொண்டேயிருந்தது. நித்திரை தூங்கி என் நெற்றி மாமாவின் முதுகில் முட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் வேகத்தைக் குறைத்து, "பிள்ளை, பாட்டுப் பாடு" என்பார். தெரிந்த தேவாரம் இரண்டையும் பாடி முடித்துவிட்டு வாய்ப்பாடு சொன்னேன்.

சோதனைச் சாவடி ஒன்றில் ஆமிக்காரர் ஒருவர் சைக்கிளைச் சுற்றி வந்து, "பேக் எக்க கோ?" என்று சிங்களத்தில் பை எங்கே என்று கேட்டார். மாமா சின்னப் பையைத் தூக்கிக் காட்டி, "மெச்சரய்" என்றார். இவ்வளவுதானா என்று நம்பாமல் அந்த மனிதர் சிரித்துவிட்டு, என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டி விட்டார். எனக்கு நாங்கள் இரண்டு பேரும் உலகத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர்கள் என்று தோன்றியது.

முதல் நாள் அநுராதபுரத்தில் ஒரு மடத்திலும், அடுத்த நாள் திருகோணமலையில் ஒரு கோயில் மண்டபத்திலும் படுத்தோம். சாரத்தை எனக்கு விரித்துவிட்டு மாமா வெறுந்தரையில் படுத்தார். பணிஸும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். கடலில் குளித்துவிட்டு அதே உடுப்போடு வெயிலில் ஓடிக் காய்ந்தோம். அந்த இரண்டு நாளைப்போல் நான் பின்னால் எந்த ஹோட்டலிலும் சந்தோஷமாக இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை வவுனியா வந்தது. தேத்தண்ணிக் கடை எதிலும் மாமா நிறுத்தவில்லை. ஊரைத் தாண்டி, செம்மண் ஒழுங்கை ஒன்றில் திரும்பி, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீட்டின் முன்னால் நிறுத்தினார். முற்றம் அப்போதுதான் கூட்டிய கோலமாக இருந்தது. ஓர் அன்ரி வெளியே வந்தார். தலை முழுகி, பச்சைச் சேலை உடுத்தியிருந்தார். மாமாவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர், பின்னால் என்னைக் கண்டதும் பாதியில் நின்றார்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்?"

"அக்காதான் அனுப்பிவிட்டவ" என்றார் மாமா.

அன்ரி தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து தந்தார். "இறங்கி வந்து இருங்கோ பிள்ளை" என்றார். நான் இறங்கவில்லை. ஹெல்மெட்டோடு சைக்கிளில் இருந்தபடியே குடித்தேன், பாதி கழுத்தால் ஓடியது. அப்போதுதான் கதவோரத்தில் அந்தப் பையைக் கண்டேன். சின்னப் பை. மடியில் வைக்கக்கூடியது.

மாமாவின் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அளவில் பை கட்டியிருப்பவர் பயணத்துக்கு ஆயத்தமானவர். அம்மா சொன்ன மறதி எப்படி நடக்கப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை, கொஞ்சம் இறங்கு. அந்த ஹெல்மெட்டை ஒருக்கா அன்ரியிட்டக் குடு" என்றார் மாமா.

"மாட்டன். இது என்ர."

இரண்டு கைகளாலும் தாடைப் பட்டியைப் பிடித்துக்கொண்டேன். மாமா மறுபடியும் கெஞ்சினார். நான் அழவில்லை. அழுதால் கை தளர்ந்துவிடும் என்று பயம். மாமா அன்ரியிடம் திரும்பினார். "பரவாயில்லை, வாரும். பிள்ளை முன்னால பெற்றோல் டாங்கியில இருக்கட்டும். மூண்டு பேரும் மெல்லமாப் போவம்." வாரும் என்று அவர் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களிடமெல்லாம் வா, போ என்பவர், வெளியாட்களிடம் வாங்கோ என்பவர்.

அன்ரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை. "அவ்வளவு தூரம் பிள்ளை டாங்கியில இருக்கேலாது. நித்திரை வந்தால் விழுந்திடுவா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்கட அக்கா சொல்லுறது எனக்கு விளங்குது" என்றார். அக்கா ஒன்றுமே சொல்லவில்லையே, அவர் வெள்ளவத்தையில் அல்லவா இருக்கிறார் என்று நான் யோசித்தேன்.

"அப்ப?" என்றார் மாமா.

"அடுத்த முறை பாப்பம்."

பிறகு அவர் மாமாவின் பையைத் திறந்து சாரத்தை எடுத்தார். அது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னையும் மாமாவையும் சேர்த்துச் சுற்றி, என் முதுகுப் பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டார். அதன் மேல் இன்னொரு முடிச்சு. "இனி விழமாட்டா" என்றார். அந்த நேரம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வரும் வழியெல்லாம் நான் வென்றவளாக நித்திரை கொண்டேன். மாமா பாடச் சொல்லவில்லை. கனவில் எனக்குப் பின்னால் யாரோ இருந்து என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விழித்துப் பார்த்தால் முடிச்சு.

வெள்ளவத்தையில் அம்மா கீழே வந்து காத்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்க்க அவரால் முடியவில்லை. கத்தரிக்கோல் எடுத்துவர வெளிக்கிட்டபோது, "வெட்டாதையுங்கோ அக்கா" என்றார் மாமா. கையைப் பின்னால் கொண்டுபோய், தடவித் தடவி, நெடுநேரம் இருந்து தானே அவிழ்த்தார். படியேறும்போது அம்மா கேட்டார்: "வவுனியாவில இறங்கினியோ?"

"இல்லை."

"ஹெல்மெட்?"

"கழட்டேல்லை."

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் பத்திரமாக வந்ததற்கென்று நினைத்தேன்.

அம்மா கெட்டவர் இல்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தன் பிள்ளையாக வளர்த்தவர். அந்த அன்ரியின் கணவர் யுத்தத்தில் இறந்துபோனவர் என்பதும், அன்ரி மாமாவை விட மூன்று வயது மூத்தவர் என்பதும், அம்மா அப்போது மாமாவுக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியவரப் பல வருஷம் சென்றது. அன்றைக்குத்தான் அவர்கள் இருவரும் கலியாண எழுத்து எழுதக் கொழும்புக்கு வர இருந்தார்கள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வருஷம் மாமா கனடாவிலிருந்து வந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், எட்டு சூட்கேஸ். வான் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். வவுனியா நெருங்கியதும், தேத்தண்ணிக்கு நிறுத்தவா என்று சாரதி கேட்டார். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "வேண்டாம், நேர போங்கோ" என்றார். நான் பின் சீற்றில் இருந்தேன்.

ஆனால் அந்தப் பயணத்தின்போது எனக்கு ஒன்பது வயது. அடுத்த லீவுக்கு மாமா வெளிக்கிட்டபோது நானும் வருவேன் என்று கீழே ஓடினேன். சிவப்பு ஹெல்மெட்டை என் கையில் தந்து, "வைச்சிரு பிள்ளை, உன்ர தானே" என்றார். சைக்கிளைச் சுற்றி மாடி வீட்டுக்காரர் எல்லோரும் நின்றார்கள். சுன்னாகத்து மருந்து, சட்டைத் துணி, சொக்லேட் பெட்டிகள். ஒன்றையும் மறுக்காமல் வாங்கி, பின் சீற்றில் அடுக்கி, ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டினார் மாமா. "தம்பி இப்பதான் மனுசனாகியிருக்கிறான்" என்று அம்மா பக்கத்து வீட்டு அன்ரியிடம் சொன்னார். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. என்னுடைய இடத்தில் இவ்வளவு சாமானையும் ஏற்றிவிட்டாரே என்று, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுதேன்.